அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய்: எனக்கு வாய்ப்பு எவ்வளவு?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம். எனக்கு வயது 56. அப்பாவுக்கு 63 வயதில் இந்நோய் கண்டறியப்பட்டது. என் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம்) அளவு 3.2, நான்குக்குக் கீழே இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார்கள் வீட்டார். நம்பலாமா?

பதில் 1:
தம்பி, நான்கு என்பது பாதுகாப்பு எல்லை அன்று. அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய புரோஸ்டேட் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில், பி.எஸ்.ஏ. நான்கைத் தாண்டாதிருந்தவர்களுக்கு இறுதியில் திசுப் பரிசோதனை செய்தபோது, ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் புற்றுநோய் காணப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வீரியம் குறைந்தவை என்பதையும் சேர்த்தே படியுங்கள். அத்தரவிலிருந்து உருவான, ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பைச் சொல்லும் கணிப்பான், பி.எஸ்.ஏ. அளவோடு வயது, இனம், குடும்ப வரலாறு, மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்த முடிவு, முந்தைய திசுப் பரிசோதனை ஆகியவற்றையும் கேட்கிறது. தந்தைக்கு வந்திருந்தால் மகனுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு.

பதில் 2:
ஐயா சொல்வது சரியே. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றோருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். எனவே நம் போன்ற இந்திய வம்சாவளியினர் அக்கணிப்பான் தரும் விடையைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

பதில் 3:
அண்ணா, புரோஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரை எடுக்கிறீர்களா? அது பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். சிறுநீர்த் தொற்றோ அதை உயர்த்திக் காட்டும். குடும்பத்துப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயோ சூலகப் (சினைப்பை) புற்றுநோயோ வந்திருந்தால், பரம்பரையாக வந்து புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 2 மரபணு மாற்றம் பற்றியும் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.