டிபி டெஸ்ட் போட்ட கை வீங்கிடுச்சு, பிளேஸ்மென்ட் போயிடுமா? அவசரம்

தூக்கம்வராதவள்:
வணக்கம். ஹெல்த் அண்ட் ஹியூமன் சயின்சஸ் ஃபேகல்டில சேர்ந்து ஆறு வாரம் ஆகுது. இன்னும் மூணு வாரத்துல ஆஸ்பத்திரி பிளேஸ்மென்ட், அதாவது நேர்ல போய்ப் பண்ற பயிற்சி. அதுக்காக டிபி டெஸ்ட்னு முன்கையில ஊசி போட்டாங்க. அந்த இடம் செவந்து வீங்கிடுச்சு. ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், 18 மில்லிமீட்டர்! எனக்கு டிபியா? விசாவை ரத்து பண்ணி ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்களா? வீட்டுல இன்னும் சொல்லல.

ஒருகாலத்துமாணவன்:
எந்த நாடு, என்ன கோர்ஸ்னே சொல்லலையேம்மா. அந்த ஃபேகல்டிக்குள்ள நர்சிங், பிசியோ, நியூட்ரிஷன், பப்ளிக் ஹெல்த்னு என்னென்னவோ இருக்கும். முடிச்சா தொழில் பதிவு கிடைக்கிற கோர்ஸா, வெறும் டிகிரியா? அதைப் பார்க்காம சேர்ந்து எனக்கு ரெண்டு வருஷம் போச்சு.

இரவுஷிஃப்ட்:
இதுக்கேவா? நான் வந்த புதுசுல ராத்திரி வேலை, காலைல அனாட்டமி லேப். 206 எலும்பையும் பஸ்லயே மனப்பாடம் பண்ணேன். ஃபார்மலின் நெடி துவைச்ச சட்டையிலயும் இருக்கும். பேசாம பிளேஸ்மென்ட்டை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளு.

ஆய்வகஎலி:
தள்ளவே தள்ளாதே! நான் தள்ளினேன், ஒரு வருஷம் கழிச்சுதான் இடம் கிடைச்சுது. கூடப் படிச்சவங்க பட்டமளிப்பு போட்டோ போட்டப்ப நான் வார்டுல கை கழுவிட்டு இருந்தேன்.

இரவுஷிஃப்ட்:
உங்களுக்காவது வார்டு. எனக்கு குரூப் அசைன்மென்ட். நாலு பேர் பேரு, டைப் அடிச்சது ஒரே ஆளு.

ஆய்வகஎலி:
அதுல ரெஃபரன்ஸ்ல ஒரு கமா விட்டதுக்கு மார்க் குறைப்பாங்க பாருங்க…

வார்டுஅக்கா:
போதும்பா. அந்தப் பொண்ணு கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. தங்கச்சி, ஊசி என்னிக்குப் போட்டாங்க? பிசிஜி, அதான் டிபி தடுப்பூசி, போட்டிருக்கா?

தூக்கம்வராதவள்:
நேத்து காலைலக்கா. நாளைக்கு வந்து காட்டச் சொன்னாங்க. பிசியோ படிக்கிறேன். இருமல், காய்ச்சல் எதுவும் இல்ல. குழந்தையில போட்ட பிசிஜி தழும்பு தோள்ல இருக்கு.

வார்டுஅக்கா:
இதை முதல்லயே சொல்லக்கூடாதா! ரிசல்ட்டே இன்னும் வரல. ஊசி போட்டு 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்ள, இதுல பயிற்சி எடுத்தவங்க பார்க்கணும். சிவப்பை அளக்க மாட்டாங்க. விரலால தடவி, கெட்டியா தடிச்ச ஓரத்துல பேனாவால குறிச்சு, அந்தக் குறுக்களவை மட்டும் எடுப்பாங்க. நாளைக்குப் போகாம விட்டுடாதே, மறுபடி முதல்லேர்ந்து ஊசி.

பிசிஜி போட்டவங்களுக்கு டிபி இல்லாமலே தடிக்கலாம். தழும்பைக் காட்டி ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை கேளு. அதை பிசிஜி குழப்பாது. அதுவும் பாசிட்டிவ்னா மார்பு எக்ஸ்ரே எடுப்பாங்க. உள்ளேயே தூங்குற டிபின்னா அடுத்தவங்களுக்குத் தொத்தாது, மாத்திரையும் இருக்கு.

எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) பாக்கியா? ரத்தம் எடுக்கிற அன்னிக்கே போட்டுக்கோ. முன்னாடியே போட்டா அந்த ரத்தப் பரிசோதனைக்கு நாலு வாரம் காத்திருக்கணும், உனக்கு அவ்வளவு நாள் இல்ல. ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடியும் பார்த்துடு, குறைஞ்சது 10 mIU/mL இருக்கணும். புதுசா ஆரம்பிச்சா மூணு ஊசிக்கு ஆறு மாசம் இழுக்கும். பிளேஸ்மென்ட் ஆபீசுக்கு இன்னிக்கே மெயில் போடு, ரிசல்ட் எந்தத் தேதின்னு எழுதி. விசா கேள்விக்கு நாட்டைச் சொல்லு.

தூக்கம்வராதவள்:
மெயில் போட்டுட்டேன்க்கா. குளிக்கும்போது கை நனையலாமா?

வார்டுஅக்கா:
நனையலாம். சொறியாதே. நாட்டை இன்னும் சொல்லல.