கியோட்டோ, நாராவில் அம்மாவுடன் மூன்று நாள்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஏப்ரல் முதல் வாரம் அம்மாவோடு ஜப்பானில் உள்ள கியோட்டோ போகிறேன். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி.

பக்கத்து ஊரான நாரா மட்டும் உறுதி. தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரப் புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. இதைச் சொன்னதிலிருந்து அம்மா நாள் முழுக்க அங்கேயே இருக்கணும் என்கிறார். மான்களுக்குப் பிஸ்கட் கொடுக்கவும் ஆசை.

குழப்பம் கியோட்டோவின் மலைக்கோயிலான ஃபுஷிமி இனாரியில்தான். 233 மீட்டர் மலையுச்சி வேண்டாம். ஆனால் அங்கே வழி நெடுக நிற்கும் சிவப்புத் தோரண வாயில்களுக்குள் கொஞ்ச தூரமாவது அம்மா நடக்கணும். எத்தனை படி இருக்கும்? கியோமிசு கோயில் ஏற்றத்தில் டாக்சி எதுவரை போகும்?

சாப்பாடும் கவலை. மிசோ சூப்பில்கூட பெரும்பாலும் மீன் சாறு சேர்க்கிறார்கள். நாரா ஸ்டேஷன் பக்கம் சுத்த சைவம் கிடைக்குமா? வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் அவசியம் சொல்லுங்கள்.