டிரெய்லரே இல்லாதபோது டோ மோடு எதற்கு?

ஏழாம் கியர்:
இரண்டு வாரத்துக்கு முன்னால் பிக்கப்பில் 3400 பவுண்டு கேம்பரை (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுத்துக்கொண்டு, கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை வழியாக டென்வரிலிருந்து டில்லன் ஏரிக்குப் போனோம். 11,158 அடி உயரத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சில்வர்தோர்ன் வரை 7 சதவீத இறக்கம். எட்டு மைலுக்குள் 2000 அடிக்கு மேல் கீழே இறங்குகிறோம். "டோ மோடு போட்டால் பெட்ரோல் குடிக்கும்" என்று மைத்துனர் சொன்னதால் போடவில்லை. டோ மோடு என்றால் டிரெய்லர் இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றுகிற பொத்தான். பாதி வழியில் கருகல் வாடை. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. கேம்பர் வேறு பின்னால் லேசாக வாலை ஆட்டியது. பொத்தானை அழுத்தினேன். அடுத்த முறை பிரேக்கைத் தொட்டதும் கியர் தானாக இறங்கி, இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் கத்தி, வண்டியைப் பிடித்து நிறுத்தியது. குழந்தைகள் பயந்துவிட்டார்கள், எனக்கு உயிர் வந்தது.

போன சனிக்கிழமை கிரேட் சாண்ட் டியூன்ஸ் மணல்மேட்டுப் பூங்காவுக்குப் போயிருந்தோம். கேம்பரை பின்யோன் ஃப்ளாட்ஸ் முகாமில் கழற்றி வைத்துவிட்டு மெடானோ பாஸ் மண் சாலையில் பிக்கப்பை மட்டும் எடுத்துப் போனேன். அங்கேயும் டோ மோடு. மணலில் ஓரிடத்தில்கூட மாட்டவில்லை. ஆகவே மலையோ மணலோ பாறையோ, இனிமேல் என் வண்டியில் அந்தப் பொத்தான் எப்போதும் ஆன்தான். மறுப்பவர்கள் வரலாம்.

பாறைப்பல்லி:
வந்துவிட்டேன். மணலுக்குள் போகுமுன் டயரில் காற்று இறக்கினீர்களா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

ஏழாம் கியர்:
இறக்கினேன். 18 பிஎஸ்ஐ.

பாறைப்பல்லி:
அப்படியானால் உங்களைக் காப்பாற்றியது அந்த 18தான் ப்ரோ. காற்று குறைந்த டயர் நீளவாக்கில் பரந்து மணல் மேல் மிதக்கும். அதே சாலையில் 40 பிஎஸ்ஐயோடு வந்து, 'பாயிண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்' நிறுத்துமிடம் தாண்டியதும் அச்சு வரை புதைந்த வண்டிகளை நான் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். அவர்கள் எந்த மோடில் வந்தார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

டோ மோடு வண்டிக்குப் புதிதாக பலம் எதையும் தருவதில்லை. கியரை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற கணக்கை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

டீசல் தாத்தா:
தம்பி பல்லி, 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டாய். அந்த அவ்வளவில்தான் உயிர் இருக்கிறது.

நான் 18 சக்கர வண்டி ஓட்டியவன். சில்வர்தோர்ன் இறக்கத்தின் ஓரத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக்கல் கொட்டிய மேடு இரண்டு இருக்கிறது. அழகுக்காகவா கட்டினார்கள்? பிக்கப் மாதிரி வண்டியில் பிரேக் எண்ணெய் கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரை வரை போகும். டாட்-3 தர பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் இழுத்த பழைய எண்ணெய்க்கு அந்த வரம்பு 140தான். ஏழாம் கியர் சொன்ன பஞ்சுப் பெடல் அதன் முதல் படி. இன்ஜின் அந்த வேலையைச் செய்கிறேன் என்னும்போது வேண்டாம் என்பானேன்?

மண் சாலையிலும் இதே கதைதான். இறக்கம் இறக்கம்தான். டிரெய்லர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? போட்டுவிட்டுப் போ.

பாறைப்பல்லி:
தாத்தா, தார்ச்சாலை இறக்கத்தில் நீங்கள் சொல்வதற்கு நான் எதிர்ப்பே சொல்லவில்லை. கரடுமுரடான பாதையில் கதை வேறு, அங்கே கணக்கு பேசும்.

என்னுடையது ஜீப் ரேங்லர் ரூபிகான், ஆட்டோ கியர். முதல் கியர் விகிதம் 4.71, அச்சின் கியர் விகிதம் 4.10. பெருக்கினால் சுமார் 19, அதாவது இன்ஜின் 19 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டோ மோடு என்ன தலைகீழாக நின்றாலும் ஹை ரேஞ்சில், அதாவது சாதாரண ஓட்டத்துக்கான கியர் வரிசையில், இதைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் முதல் கியருக்குக் கீழே கியர் கிடையாது. இப்போது 4-லோ, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் லோ ரேஞ்ச், போடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற துணைக் கியர்பெட்டி இன்னொரு 4 மடங்கு பெருக்கும், சுமார் 77 ஆகிவிடும். பிரேக்கைத் தொடாமலே மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி பாறைப் படியில் இறங்கும். இமோஜீன் பாஸ் மலைக்கணவாயில் 13,000 அடியிலிருந்து இறங்கும்போது என் வலது கால் பெரும்பாலும் சும்மாதான் இருந்தது.

இன்னொன்று. டோ மோடில் பிரேக்கைத் தொட்டால் கியர் தானாக இறங்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தார்ச்சாலையில் அது வரம். ஈரச் சேற்றிலோ உதிரிச் சரளையிலோ, நீங்கள் கேட்காத நேரத்தில் கியர் இறங்கினால் சக்கரம் வெடுக்கென்று பிடியை விட்டு வழுக்கும். அங்கே எந்தக் கியரில் இருக்கவேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன், கணினி அல்ல.

குதிரைக்காரி:
இரண்டு பேரும் பாறையையும் மலையையுமே பேசுகிறீர்கள். நான் மாதத்துக்கு இரண்டு தடவை கான்சாஸ் வழியாகக் குதிரை டிரெய்லர் இழுப்பவள். கொலராடோ எல்லை முதல் சலைனா வரை ஐ-70 பலகை மாதிரி இருக்கும். "சமவெளிதானே, டோ மோடு எதற்கு" என்று நானும் அணைத்து வைத்திருந்தேன். எதிர்காற்று பிடித்ததும் தெரிந்தது. பத்தாவது, எட்டாவது, பத்தாவது, ஏழாவது என்று கியர்பெட்டி ஊஞ்சல் ஆடியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பின்னால் குதிரை கால் மாற்றி வைப்பது ஸ்டீயரிங்கில் தெரியும். டோ மோடு போட்டதும் எட்டில் நின்றது, குதிரையும் நின்றது.

காற்று இல்லாத நாளில் காலி டிரெய்லரோடு திரும்பும்போது போடுவதில்லை. உங்கள் மைத்துனர் சொன்னது அந்த இடத்தில் மட்டும் சரி: வீணாக ஆர்பிஎம் ஏறும், பெட்ரோல் போகும். சாலை மட்டமா மேடா என்று பார்க்காதீர்கள், கியர் ஊசலாடுகிறதா என்று பாருங்கள்.

கியர் எண்ணெய்:
பட்டறையிலிருந்து ஒரு வார்த்தை. ஊசலாட்டம் எரிச்சலோடு முடிவதில்லை. மேட்டில் இழுக்கும்போது டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டிக்கொள்ளாமல் நழுவிக்கொண்டிருந்தால் அந்த நழுவல் முழுதும் சூடாகி கியர்பெட்டி எண்ணெய்க்குள் போகிறது. டோ மோடில் பல வண்டிகள் கன்வர்ட்டரைச் சீக்கிரமே பூட்டும், கியர் மாற்றத்தையும் இறுக்கமாக்கும். "டோ மோடில் வண்டி உதைக்கிறது" என்று வருபவர்களிடம் அது உதைக்கத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

திரையில் கியர்பெட்டி எண்ணெய்ச் சூடு தெரிந்தால் அதைப் பாருங்கள். 90 டிகிரி செல்சியஸ் பக்கம் சரி. 120 தாண்டினால் ஓரங்கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

மெடானோ விஷயத்தில் ஏழாம் கியர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மணலில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் சாதாரண மோடு கியரை ஏற்றிவிடும், திரும்ப மிதிக்கும்போது இழுவை இருக்காது, வேகம் செத்துப் புதையும். டோ மோடு கியரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ வைத்தாலும் இதே பலன்தான். மணல் மோடு இருக்கிற வண்டியென்றால் அதைப் போடுங்கள்.

டீசல் தாத்தா:
லோ ரேஞ்சே இல்லாத வண்டிக்கு? என் மகள் வைத்திருப்பது டொயோட்டா ஹைலேண்டர். அவள் மண் சாலை இறக்கத்தில் என்ன செய்வாள், பல்லி?

பாறைப்பல்லி:
கீழ்க் கியரை மேனுவலாகப் போட்டு, மெதுவாக இறங்குவார். வழுக்காத காய்ந்த சாலை, நீளமான இறக்கம், மேனுவல் பழக்கமில்லை, வண்டியில் டோ மோடும் இருக்கிறது என்றால் சரி, போட்டுக்கொள்ளட்டும். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன் தாத்தா.

டீசல் தாத்தா:
இவ்வளவு இறங்கினதே பெரிது. நீயும் லோ கியரில்தான் வருகிறாய்.

குதிரைக்காரி:
ஏழாம் கியர், எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று. கேம்பர் வாலை ஆட்டியது என்றீர்களே, அதை டோ மோடு சரிசெய்யாது. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் உருண்டை மேல் எவ்வளவு எடை விழுகிறது என்று பார்த்தீர்களா? டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வேண்டும். உங்களுக்கு 340 பவுண்டாவது. குளியலறை எடை மெஷினை, அது தாங்கும் எடையைப் பார்த்துவிட்டு, ஹிட்ச் உயரத்துக்குக் கட்டை வைத்து அதன் மேல் போடுங்கள். சக்கரத்துக்கு முட்டு கொடுத்து, டிரெய்லர் மூக்கை அதில் இறக்கினால் தெரிந்துவிடும். அப்புறம், டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா, அதை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் இணைத்திருக்கிறீர்களா? கொலராடோவில் 3000 பவுண்டு வந்துவிட்டாலே டிரெய்லர் பிரேக் கட்டாயம்.

ஏழாம் கியர்:
பிரேக் இருக்கிறது. கன்ட்ரோலரும் இருக்கிறது, ஆனால் பிரேக் பலத்தின் அளவு குறைவாக, 2-இல் கிடந்தது. கடையில் மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. அன்று கேம்பரையும் சேர்த்து பிக்கப்பே நிறுத்தியிருக்கிறது போல. பிரேக் எண்ணெய் மாற்ற வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.

எடையும் போட்டேன். 210 பவுண்டு. தண்ணீர்த் தொட்டி பின்பக்கம், அதற்கு மேலே கரி மூட்டை, இட்லிப் பானை, இரண்டு சைக்கிள். எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தினேன், இப்போது 355.

மணலுக்கு அடுத்த தடவை மேனுவல் மூன்றில் போய்ப் பார்க்கிறேன். டோ மோடு 'எப்போதும் ஆன்' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், ஐ-70 இறக்கத்துக்கு மட்டும் வாங்கவில்லை. எடை மெஷின் இப்போது யார் ஏறினாலும் 12 பவுண்டு கூட்டிக் காட்டுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.