புரத மடிப்பைப் பாசிமணியில் காட்ட யோசனை வேண்டும்

வணக்கம். மண்டபம் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். புரதப் பாடத்துக்கு நீலக்கால் நண்டைக் கொதிக்கும் நீரில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சிவந்துவிட்டது. ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியை ஒரு புரதம் இறுகப் பிடித்து நீலமாகக் காட்டுகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அது குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும்; சூட்டில் அந்த மடிப்பு குலைந்ததும் பிடி விட்டுப்போகிறது என்றேன். “செத்ததாலதான் சிவக்குது சார்” என்றான் ஒருவன். ஐஸில் செத்துக் கிடக்கும் நண்டு நீலமாகத்தானே இருக்கிறது!

சரி, அது பிள்ளைகளுக்குப் புரிந்தது. மடிப்புதான் பிடிபடவில்லை. இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை, 21, 30 என இரண்டு சங்கிலியாகத் தங்கூசியில் பாசிமணி கோத்தேன். சங்கிலிகளைப் பிடித்து வைக்கும் மூன்று கந்தகப் பிணைப்புகளும் நிற்காமல் நழுவுகின்றன. மெல்லிய கம்பி சரிவருமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொல்லுங்களேன், திங்கட்கிழமை வகுப்பு.