பின்கதவின் கொண்டியைத் திருகாணியோடு கழற்றிவிட்டார்கள்: 15,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

கேட்பவர் (விசுவமடு)

வணக்கம். பிரதான வீதியிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே, இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயோடு கையிலிருந்ததையும் போட்டுக் கட்டிய வீட்டில் நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் ஒரு தடவைதான் வருவார். சென்ற வெள்ளிக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், குசினிக்குள் வைத்திருந்த நீர் இறைக்கும் மோட்டரையும் எரிவாயுச் சிலிண்டரையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஆமைப்பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு சேர்ந்து நிலத்தில் கிடந்தது. கொண்டியைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் படிக்கட்டில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எடுத்தவர் அவசரப்படவே இல்லை என்று தெரிகிறது.

பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டோம். இனிப் பெரிய பூட்டு வாங்குவதா, கமரா பூட்டுவதா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது 15,000 ரூபாய்.

தச்சுவேலை செய்பவர் (பரந்தன்)

தங்கச்சி, பூட்டு வாங்குவதற்கு முன் மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் திருகாணிகளின் நீளம் என்ன? பின்கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறது? வீட்டில் ஆள் இல்லாதபோது ஏன் பின்கதவை வெளியிலிருந்து பூட்டுகிறீர்கள்?

கேட்பவர்

திருகாணிகள் முக்கால் அங்குலம்தான் அண்ணா. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். பிணைச்சல்களும் வெளியிலேயே தெரிகின்றன. முன்கதவின் பூட்டில் திறப்பு இறுகிப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதனால் முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டுப் பின்பக்கத்தால்தான் வெளியே போய் வருகிறோம்.

தச்சுவேலை செய்பவர்

பழுதான முன்பூட்டுத்தான் உங்களைப் பின்கதவுக்குத் தள்ளியிருக்கிறது. வீதியிலிருந்து யாரும் பார்க்க முடியாத அந்தக் கதவில், எவரும் கழற்றக்கூடிய திருகாணிகளில் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். முன்பூட்டைத் திருத்தி அல்லது மாற்றி, இனி அந்த வழியால் போய் வாருங்கள். முன்கதவுக்குக் கொண்டியும் போடுவதென்றால், ஹாட்வெயார் கடையில் கோச் போல்ற் என்று கேளுங்கள். அதன் தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் இருப்பதால் வெளியிலிருந்து எந்தக் கருவியும் பிடிக்காது; கதவைத் துளைத்து உள்ளே விட்டு, உட்புறத்தில் வாசரும் நட்டும் போட்டு இறுக்க வேண்டும். பூட்டின் நாக்கு போய் விழுகிற நிலைத் தகட்டுக்கு மூன்று அங்குலத் திருகாணி போட்டால் அது மரத்தை நன்றாகப் பிடிக்கும்.

பின்கதவுக்கு வெளிக்கொண்டியே தேவையில்லை. உள்ளே குறுக்குத்தடி போடுங்கள். ஆனால் இதில் பலர் பிழை விடுவார்கள். உள்ளே திறக்கும் கதவுக்குத் தடியைத் தாங்கும் இரும்புப் பட்டங்களை நிலையில் பொருத்த வேண்டும். உங்களுடையது வெளியே திறப்பதால் அவற்றைக் கதவிலேயே பொருத்தி, தடியின் இரண்டு முனைகளும் நிலையைத் தாண்டிச் சுவரில் முட்டும்படி விட வேண்டும். அப்போதுதான் வெளியே நின்று இழுப்பவர் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். இரண்டுக்கு மூன்று அங்குலப் பாலை மரம் போதும்.

பிணைச்சல் வெளியே இருப்பதும் ஆபத்துத்தான். அதன் ஊசியைத் தட்டிக் கழற்றினால் கதவு அப்படியே கையோடு வரும். பிணைச்சல் பக்கத்துக் கதவு விளிம்பில் மேலும் கீழும் ஒவ்வொரு மூன்றங்குல ஆணியை அடித்து, அரை அங்குலம் வெளியே நிற்க விட்டுத் தலையை வெட்டுங்கள். கதவு மூடும்போது அந்த முனைகள் போய் இறங்குவதற்கு நிலையில் துளை போட்டால், ஊசியைக் கழற்றினாலும் கதவு அசையாது.

இன்னொருவர் (மாங்குளம்)

பன்றிக்குக் கட்டுவதுபோல வேலியில் ஒரு கம்பியை இழுத்து இரவில் மின்சாரம் கொடுத்தால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள்.

மின்வேலை செய்பவர் (கிளிநொச்சி)

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது சட்டவிரோதம், முதலில் சாவது உங்கள் பிள்ளையாகவோ பக்கத்து வீட்டு மாடாகவோதான் இருக்கும். யானை வேலியில் ஓடுவது அதற்கென்ற கருவி விட்டுவிட்டு அனுப்பும் துடிப்பு. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

தங்கச்சிக்கு என் யோசனை: இப்போது கமரா வேண்டாம். மின்சாரமும் இணையமும் ஒருசேர நிற்கிற இரவில் அது கண்ணை மூடிக்கொள்ளும், உங்கள் பணமும் அதிலேயே முடிந்துவிடும். சூரிய ஒளியில் இயங்கும் சென்சர் விளக்கு ஒன்றை, பனலும் விளக்கும் தனித்தனியாக வயரால் இணைக்கப்பட்ட வகையில் வாங்கி, பின்பக்கத்தில் எட்டடி உயரத்தில் பூட்டுங்கள். அந்தச் சென்சர் உடற்சூட்டின் அசைவைப் பார்ப்பது. நேரே அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை விரைவாகப் பிடிக்கும். ஆகவே கிணற்றடியிலிருந்து வரும் பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

அயலில் இருக்கும் அக்கா (புதுக்குடியிருப்பு)

கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தால், பின்பக்கத்தில் நிற்பவரை அயலவர் எப்படிக் காண்பார்கள்? பக்கத்து வீட்டைப் பார்க்கும் பக்கத்தையாவது நெஞ்சளவுக்கு வெட்டி விடுங்கள். நாங்கள் மறைப்பு வேண்டுமென்று வேலியை வளர்க்க, அது வந்தவனுக்கும் மறைப்பாகிவிடுகிறது.

கேட்பவர் (மூன்று வாரங்களின் பின்)

எல்லோருக்கும் நன்றி. முன்பூட்டை மாற்றினோம், குறுக்குத்தடியை ஊர்த் தச்சர் ஒரே நாளில் செய்து தந்தார். இதுவரை 11,400 ரூபாய் முடிந்துள்ளது. விளக்கில்தான் சிக்கல்: மாலையில் ஆளே இல்லாமல் திரும்பத் திரும்ப எரிகிறது, ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிறகு எழுந்து போனால் எரிவதே இல்லை.

மின்வேலை செய்பவர்

சென்சருக்கு முன்னால் வாழையோ தகரக் கூரையோ இருக்கிறதா? பனலுக்கு மேல் நிழல் விழுகிறதா?

கேட்பவர்

கோழிக்கூட்டின் தகரம் நேரெதிரே இருக்கிறது. பனலை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டோம்.

மின்வேலை செய்பவர்

இரண்டும் ஒரே நோய்தான். வெயிலில் காய்ந்த தகரம் மாலைக் காற்றில் ஆறும்போது அதன் சூடு மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சென்சர் ஆள் என்று எண்ணி எரிகிறது. நிழலில் பாதிதான் ஏறிய பற்றறி அப்படி வீணாக எரிந்தே நள்ளிரவுக்குள் தீர்ந்துவிடுகிறது. சென்சரைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி, தகரம் இருக்கும் பக்கத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் ரேப்பில் ஒரு துண்டு ஒட்டுங்கள். பனலைக் கூரைக்கு ஏற்றித் தெற்குப் பார்த்து, மழைநீர் வழிந்து தூசியைக் கழுவும் அளவுக்குச் சரித்து வையுங்கள்.

கேட்பவர் (நான்கு நாட்களின் பின்)

சரியாகிவிட்டது. நேற்று விடிய நான்கு மணிக்கும் எரிந்தது; போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு நாய். புது மோட்டர் வாங்கினால் அதை எப்படிப் பாதுகாப்பது?

தச்சுவேலை செய்பவர்

12 மில்லிமீற்றர் கம்பியை வளையமாக வளைத்து, கால்களை ஓரடி ஆழத்தில் இறக்கி, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற அளவில் சீமெந்து, மணல், கல் கலந்து இறுக்குங்கள். ஏழு நாள் ஈரமாக வைத்திருந்த பிறகே சங்கிலி போடுங்கள். மோட்டரின் இலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால், பிறகு முறைப்பாட்டுக்கு உதவும்.

இன்னொன்று: குறுக்குத்தடியை உங்கள் மூத்த பிள்ளை இருட்டில் தனியாகத் தூக்கி எடுக்க முடிகிறதா என்று இன்றிரவே பாருங்கள். தீ பிடித்தால் அதுவும் ஒரு வாசல். மாரியில் மரம் ஊதித் தடி இறுகினால், முனைகளை ஒரு நூல் அளவு சீவி விடுங்கள்.