படகு நீலமும் 36 டி-சர்ட்டும்

மண்டபத்திலிருந்து:

சின்ன ஆர்டருக்குக் கலர் மேட்ச் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட ஸ்க்ரீன் பிரிண்டிங்காரர்கள் நம் ராமநாதபுரம் கடற்கரையில் நிறைய பேர் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்கிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதே, அப்போதுதான் மராமத்தும் பெயின்டும் நடக்கும். ஒரு படகு முதலாளி, உள்ளங்கை அகலப் பலகைத் துண்டில் படகுக்கு அடித்த நீலத்தையே தடவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, படகு எறங்குற அன்னைக்கு நம்ம ஆளுங்களுக்கு டி-சர்ட். 36 போதும். முதுகுல படகுப் படம். இதே நீலம்."

மதுரையில் நான் இங்க் வாங்கும் கடையில் ஷேடு காட்டினால் கலந்து தருவார்கள். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறையாது. டி-சர்ட்டுக்குப் பத்து கிராம் என்று வைத்தாலும் எனக்கு வேண்டியது 360 கிராம். மீதி அலமாரியில்தான் குடியிருக்கும். சரி, நாமே கலப்போம் என்று உட்கார்ந்தேன்.

கையிலிருந்த நீல பிக்மென்டில் (நிறமியில்) சொட்டு நீலம் மாதிரி ஒரு ஊதாச் சாயல். பலகையிலிருந்ததோ பச்சைச் சாயல் நீலம். நிறமில்லாத கிளியர் பேஸ்ட்டில் கொஞ்சம் ஒயிட் பேஸ்ட் சேர்த்து, நீலம் விட்டு, பச்சை ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று இரவு பத்து மணி வரை கலக்கினேன். டப்பாவில் பார்த்தால் பலகையேதான். ஒரு வெட்டுத்துணியில் ஸ்க்ரீன் வைத்து இங்க்கை இழுத்துக் காயப்போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் முதலாளி துணியை எடுத்து வெயிலில் பிடித்தார். "இது ராத்திரியில பாத்த படகு தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பேஸ்ட்டில் நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் ஈரமாக இருக்கும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், நிறத்தை வெளுப்பாகக் காட்டும். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், நிறம் ஒரு படி ஏறிவிடும். இத்தனை வருஷம் தொழில் பார்த்தும் அவசரத்தில் டப்பாவை நம்பினேன். அதைவிடப் பெரிய தப்பு, எத்தனை சொட்டு விட்டேன் என்று எழுதி வைக்காதது. திரும்பக் கலக்க ஒரு கணக்கும் கையில் இல்லை.

அன்றைக்கே நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சின்னத் தராசுக்கு ஆர்டர் போட்டேன். 0.01 கிராம் வரை காட்டும், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. 20 கிராம் பேஸ்ட்டில் மூன்று சாம்பிள் போட்டேன். நீலம் மூன்றிலும் 1 கிராம், பச்சை மட்டும் 0.05, 0.10, 0.15. ஆர்டருக்கு வந்த டி-சர்ட்டிலேயே ஒன்றின் உள்பக்கத்தில் மூன்றையும் இழுத்து, ஹீட் பிரஸ்ஸில் சூடு கொடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பலகைக்கு நெருக்கமானது முதலாவது என்பது என் கணிப்பு. அவர் நடுவில் இருந்ததைத் தொட்டார். எனாமல் பெயின்ட் மினுமினுக்கும், துணி மினுக்காது. அதனால் அளவெடுத்த மாதிரி ஒரே நிறம் வரவே வராது. வாடிக்கையாளர் கண் எதில் நிற்கிறதோ அதுதான் மேட்ச். 0.10 கணக்கை 22 மடங்காக்கி ஒரே தடவையில் கலந்தேன். வேலை முடிந்தபோது டப்பா அடியில் ஒரு கரண்டி மிஞ்சியது.

கீழக்கரையிலிருந்து:

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), உங்களுக்கு வெயிலாவது உதவியது. எனக்கு டியூப்லைட் கெடுத்தது. கல்யாணப் பை ஆர்டர், 150 நான்-ஓவன் பை. பெண்ணின் பட்டுப்புடவை மெரூனைக் கேட்டார்கள். கடைக்குள் டியூப்லைட்டில் புடவை முந்தியைப் பக்கத்தில் வைத்து பிவிசி இங்க் கலந்தேன், அச்சு அசலாக இருந்தது. வெளியே எடுத்தால் புடவை மெரூனாகவே இருக்கிறது, பை மட்டும் செங்கல் நிறம்! புடவைச் சாயம் வேறு, என் இங்க் பிக்மென்ட் வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போனது இன்னொன்றில் பிரிந்துவிட்டது. இப்போது வாசல் நிழல், கடை லைட், போன் டார்ச் மூன்றிலும் காட்டிவிட்டுத்தான் ஸ்க்ரீனைத் தொடுவேன்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். கைவசம் கலந்து வைத்திருக்கும் எட்டு ஷேடில் ஒன்றை எடுத்தால் கூடுதல் காசு கிடையாது. தனி ஷேடு என்றால் கலக்கும் கூலி தனி. முக்கால்வாசிப் பேர் அந்த எட்டுக்குள் வந்துவிடுகிறார்கள்.

தொண்டியிலிருந்து:

நாங்கள் மகளிர் குழு, துணிப்பை தைத்து நாங்களே பிரிண்டும் போடுகிறோம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது ஆர்டர் மெல்ல ஆரம்பித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்த பிறகு எல்லோருக்கும் மஞ்சள் துணியே வேண்டும். ஒரு கடைக்காரர் தன் நீல லோகோவை மஞ்சப்பையில் கேட்டார். போட்டால் பச்சை! மஞ்சளுக்கு மேலே நீலம் போனால் வேறென்ன வரும். ஒயிட் பேஸ்ட்டைக் கூட்டினோம், மறைத்தது, ஆனால் ஸ்கூல் சட்டை நீலமாக வெளுத்துவிட்டது. வெள்ளை அடித்தளம் போட்டு மேலே நீலம் போடலாம்தான், ஒரு பைக்கு இரண்டு தடவை ஸ்க்வீஜி (இங்க்கை ஸ்க்ரீனில் தள்ளும் ரப்பர் பட்டை) இழுக்க 100 பையில் கட்டுப்படி ஆகாது. கடைசியில் கரும்பச்சையைக் காட்டினோம், ஒத்துக்கொண்டார். பை துணி என்ன நிறம் என்று கேட்காமல் இங்க் நிறம் பேசாதீர்கள் அண்ணே.

ஏர்வாடியிலிருந்து:

நான் தொழிலுக்குப் புதுசு. சென்னையிலிருந்து 25 டி-சர்ட்டுக்கு ஒரு பேன்டோன் எண் (பேன்டோன் ஷேடு புத்தகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள எண்) அனுப்பியிருக்கிறார்கள், கடைசியில் 'சி' என்று இருக்கிறது. அந்த ஷேடு புத்தகத்தின் விலையைப் பார்த்தால் ஆர்டர் தொகையைவிட அதிகம். போனில் அந்த எண்ணைத் தேடிக் கலக்கலாமா?

மண்டபத்திலிருந்து:

வேண்டாம் தம்பி. ஒரே எண் உங்கள் போனில் ஒரு நிறம், அவர்கள் போனில் இன்னொரு நிறம். 'சி' என்றால் பளபளப்பான தாளில் அடித்தது, 'யு' என்றால் சாதாரணத் தாள். கலவை ஒன்றேதான், தாள் மாறுவதால் நிறம் வேறாகத் தெரியும். அதுவும் தாளில் அடிக்கும் இங்க்குக்கான கணக்கு, நம் துணி பிக்மென்டுக்கு ஒத்துவராது. அவர்கள் விசிட்டிங் கார்டு ஒன்றையோ பழைய டி-சர்ட்டையோ கூரியரில் போடச் சொல்லுங்கள். அதை வைத்துக் கலந்து, சூடு கொடுத்த சாம்பிளைத் திருப்பி அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு. நிறம் ரொம்பப் பளிச்சென்று இருந்தால் உடனே கறுப்பைத் தூக்காதீர்கள். மஞ்சளில் கறுப்பு விட்டால் பாசிப் பச்சையாகிவிடும். எதிர் நிறத்தில் ஒரு பொட்டு போதும், நீலத்துக்கு ஆரஞ்சு மாதிரி. நிறத்தைத் துணியில் நிற்கவைக்கும் ஃபிக்ஸரை அன்றன்றைக்கு ஓட்டும் அளவில் மட்டும் சேருங்கள். சேர்த்துவிட்டால் மறுநாளைக்கு வைக்க முடியாது.

தராசு வாங்கினால் மூடி உள்ளதாகப் பாருங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினாலும் அந்தக் கடைசி எண் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். நான் இப்போது அதன்மேல் ஒரு பிரியாணி டப்பாவைக் கவிழ்த்து வைத்துத்தான் எடை பார்க்கிறேன்.