‘ஷார்ட் டெம்பர்’ ஆளா, ‘ஷார்ட்-டெம்பர்ட்’ ஆளா?

கேள்வி:
முன்கோபக்காரரை ‘ஹீ இஸ் ஷார்ட் டெம்பர்’ என்று எழுதினால் தப்பு, ‘ஷார்ட்-டெம்பர்ட்’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறார்கள். அவருக்கு இப்போதும் கோபம் வருகிறதே, இறந்தகால ‘-எட்’ எதற்கு? ‘ஹார்ட்-வொர்க்கிங்’ மட்டும் ஏன் ‘-இங்’?

பதில் 1:
அது இறந்தகாலமே இல்லை. அந்த ‘-எட்’டுக்கு ‘உடைய’ என்று பொருள். டெம்பர் அவரிடம் இருக்கும் குணம். அவரே டெம்பர் ஆகிவிட மாட்டார். கல், நெஞ்சு இரண்டோடு ‘அன்’ சேர்ந்த பிறகுதானே கல்நெஞ்சன் என்ற ஆள் கிடைக்கிறான்? ஏறக்குறைய அந்த வேலைதான் இது.

இரண்டாவது பாதியைப் பாருங்கள். உறுப்பு, மனம், சுபாவம் என்று பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘-எட்’: வார்ம்-ஹார்ட்டட், ஓபன்-மைண்டட், குட்-நேச்சர்ட். அந்த ஆள் செய்யும் செயலாக இருந்தால் ‘-இங்’: ஹார்ட்-வொர்க்கிங், ஈசி-கோயிங். வெல்-பிஹேவ்ட் இதற்கு அடங்காது. பிஹேவ் வினைச்சொல்தான், ஆனாலும் ‘-எட்’. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பதில் 2:
உச்சரிப்பையும் சேர்த்தே பழகுங்கள். ஹார்ட், மைண்ட் போல ‘ட்’ ஒலியில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: ஹார்ட்டட், மைண்டட். தின்-ஸ்கின்ட், டூ-ஃபேஸ்ட் இவற்றில் கூடாது. ‘ஸ்கின்னெட்’ என்று இழுக்காதீர்கள்.

நடுவில் வரும் சிறுகோடு: ஷார்ட்-டெம்பர்ட் வகைக்கு எங்கே வந்தாலும் போடுங்கள். வெல்-பிஹேவ்ட் பெயருக்கு முன்னால் வந்தால் கோடு வேண்டும். ‘த சைல்ட் இஸ் வெல் பிஹேவ்ட்’ என்று பின்னால் வந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பதில் 3:
பொருளில்தான் அதிகம் வழுக்கும். ஹை-ஹேண்டட் என்றால் கொடை வள்ளல் இல்லை, யாரையும் கேட்காமல் அதிகாரம் செய்பவர். வள்ளலுக்கு ஓபன்-ஹேண்டட். ஆப்சென்ட்-மைண்டட் மறதி நோயும் இல்லை. கவனம் வேறெங்கோ இருப்பது.

தமிழில் எழுதிப் படிப்பவர்களுக்கு ஒரு தனி ஆபத்து: ‘பிக்-ஹெடட்’ என்பது இரண்டு சொல். ‘பெரிய’ என்ற பொருளில் வரும் பிக் என்றால் தலைக்கனம் பிடித்தவர். பன்றியைக் குறிக்கும் பிக் என்றால் சொன்ன பேச்சு கேட்காத பிடிவாதக்காரர். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே வசைதான். பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரின் பிடிவாதத்தை நல்லவிதமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்ட்ராங்-வில்ட் என்று எழுதுங்கள்.